அணுவின் சுவடு கண்ட ஹெவெசி

மனிதன் தான் குடியிருக்கும் வீட்டின் மூலை முடுக்குகளையெல்லாம் அறிவான். தான் குடியிருக்கும் உடம்பின் உள்ளே நிகழ்வனவற்றை அறியான். உண்ட சோறு எவ்விடத்துச் சென்று சேர்ந்தது, பருகிய நீர் எத்துணை நாள் தங்கிற்று, எலும்பின் எம்மூலையில் நோய் கருக்கொண்டுள்ளது என்னும் வினாக்கள் நெடுங்காலம் விடையின்றியே கிடந்தன. பிணத்தை அறுத்து ஆராய்ந்தோர் உறுப்புக்களின் வடிவத்தைக் கண்டனர்; தொழிலைக் கண்டாரல்லர். 1895-ஆம் ஆண்டில் ராண்ட்ஜன் என்னும் ஜெர்மானிய அறிஞர் எக்ஸ்-கதிர்களைக் கண்டறிந்த பின்னர், உயிருடையாரின் எலும்புக்கூடும் கண்ணுக்குப் புலனாயிற்று. ஆயினும் புலனானது நிழலேயன்றி இயக்கமன்று. உடம்பினுள் ஒரு பொருள் செல்லும் வழியை, அப்பொருளின் பின்னேயே சென்று காண்பதற்கு வழி வகுத்தவர் ஹங்கேரி நாட்டிற் பிறந்த ஜார்ஜ் ஹெவெசி என்பார். அன்னாரின் வாழ்க்கையை ஒருவாறு கூறுதலே எமது கருத்து.

தமிழ் பயில்வோராகிய யாம் இரசாயன அறிஞர் ஒருவரின் சரிதையை எழுதப் புகுந்தது கண்டு விஞ்ஞானப் பகுதி நண்பர்கள் நகைத்தல் கூடும். காரணம் உண்டு. எம் அத்தையார் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று மீண்ட பின்னர், நோய் எலும்பிற் பரவியுளதோ என்று அறியும் பொருட்டு, மருத்துவர் ஒரு படம் எடுக்கப் பணித்தனர். அஃது எக்ஸ்-கதிர்ப் படமன்று. கதிரியக்கமுடைய மருந்தொன்றைக் கையின் இரத்தக் குழாயில் ஏற்றி, மூன்று மணி நேரம் காத்திருக்கச் செய்து, பின்னர் அம்மருந்து எங்கெங்குச் சென்று தங்கியது என்பதைப் படமாக்கினர். அறைக்கு வெளியே விசுப்பலகையில் அமர்ந்திருந்த அப்பொழுதெல்லாம், உயிரற்ற கல்லைப் போலத் தோன்றும் எலும்பு அம்மருந்தை ஏன் ஏற்றுக்கொள்கின்றது என்னும் வினா எம்மை விட்டகலவில்லை. அதன் விடையைத் தேடிச் சென்றவிடத்தே ஹெவெசியாரை யாம் முதன்முதல் அறிந்தோம்.

அவர் 1885-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் முதல் நாளன்று புடாபெஸ்ட் நகரிற் பிறந்தார். குடும்பம் செல்வமும் பிரபுப் பட்டமும் வாய்ந்தது, யூத மரபினது, ஆயின் கத்தோலிக்க சமயத்தைத் தழுவியது. மக்கள் எண்மருள் இவர் ஒருவர். பியாரிஸ்டுத் துறவியர் நடத்திய பள்ளியிற் பயின்று, புடாபெஸ்ட்டிலும் பெர்லினிலும் மேற்கல்வி கற்று, 1908-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் தென்மேற்கிலுள்ள பிரைபுர்க் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அதன் பின் ஜூரிச் நகரிற் சிறிது காலம். கார்ல்ஸ்ரூ நகரில் ஹாபர் என்னும் பேராசிரியரிடம் சிறிது காலம். ஓரிடத்தில் வேரூன்றாது திரிந்த இவ்விளைஞர் 1911-ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்று, மான்செஸ்டர் நகரில் ரதர்போர்டுப் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தை அடைந்தார். அணுவின் நடுவே உட்கரு ஒன்று உண்டு என்பதை ரதர்போர்டு வெளியிட்டதும் அவ்வாண்டிலேதான்.

அவ்வாய்வுக்கூடத்தின் நிலவறையிற் பெருமளவு ஈயம் குவிந்து கிடந்தது. பொஹிமியாவிலுள்ள ஜோவாக்கிம்ஸ்தால் சுரங்கத்தின் கனிப்பொருளினின்றும் ரேடியத்தைப் பிரித்தெடுத்த பின் எஞ்சிய ஈயம் அது. ஆஸ்திரிய அரசாங்கத்தார் அனுப்பி உதவியது. அவ்வீயத்துடன் ரேடியம்-டி என்று அந்நாளிற் பெயரிடப்பெற்ற கதிரியக்கப் பொருளொன்று கலந்திருந்தது. ரதர்போர்டுக்கு வேண்டியது அந்த ரேடியம்-டி, வேண்டாதது ஈயம். இரண்டையும் பிரித்துத் தருமாறு புதிதாய் வந்த மாணவரை அவர் ஏவினார். ஹெவெசியார் தாம் கற்ற இரசாயன முறைகளையெல்லாம் கையாண்டார். காய்ச்சினார், கரைத்தார், படியச் செய்தார். ஏறத்தாழ இரண்டாண்டுகள் கழிந்தன. ஈயத்தினின்றும் ரேடியம்-டி அணுவளவும் பிரிந்திலது.

அது பிரியாமைக்குக் காரணம் பின்னரே விளங்கிற்று. ரேடியம்-டி என்பது ஈயத்தோடு கலந்த வேறொரு பொருளன்று, அதுவும் ஈயமே. எடையிற் சிறிது வேறுபட்டுக் கதிர் வீசும் ஈயம் அது. இத்தகைய உடன்பிறப்பு அணுக்களுக்கு ஐசோடோப்புக்கள் என்னும் பெயரை ஸாடி என்பார் 1913-ஆம் ஆண்டில் வழங்கினார். எனவே ஹெவெசியார் உழைத்த உழைப்பு, ஈயத்தை ஈயத்தினின்றும் பிரிக்க முயன்ற வீண் முயற்சியாய் முடிந்தது. வேறொருவராயின் மனமுடைந்து ஊர் திரும்பியிருப்பார். இவரோ அத்தோல்வியைத் திருப்பிப் பார்த்தார். எவ்வாற்றானும் பிரிக்கவொண்ணாது எனின், ஈயம் செல்லுமிடமெல்லாம் ரேடியம்-டியும் உடன் செல்லும் அன்றோ? ஈயம் கண்ணுக்குத் தெரியாது மறைந்தாலும் ரேடியம்-டி வீசும் கதிர் அதனைக் காட்டிக் கொடுக்கும் அன்றோ?

நம் நாட்டு மேய்ச்சற்காட்டில் இதனை நாம் நாடோறும் காண்கின்றோம். மந்தையில் ஒரு மாட்டின் கழுத்தில் மணியைக் கட்டிவிடுகின்றான் ஆயன். மந்தை புதருள் மறைந்தாலும் மணியோசை மறையாது. ஓசை வரும் திசையே மந்தை சென்ற திசை. மணி கட்டிய மாடு ஏனை மாடுகளைப் போலவே மேய்கின்றது, நீர் பருகுகின்றது; மணியால் அதன் இயல்பு மாறுவதில்லை. ஹெவெசியார் ஈயத்தின் கழுத்திற் கட்டிய மணியே ரேடியம்-டி. இதனை யாம் சுவடுகாட்டி என்று வழங்குவோம்.

இவ்வெண்ணம் கருக்கொண்ட காலத்தில் நிகழ்ந்ததாக இரு நிகழ்ச்சிகளை ஹெவெசியாரே முதுமையிற் கூறி மகிழ்வதுண்டு. ஒன்று, அவர் உண்டுறைந்த விடுதியைப் பற்றியது. ஞாயிற்றுக்கிழமையில் இலையில் எஞ்சிய இறைச்சியை விடுதித் தலைவி மறுநாட்களில் வேறு உருவில் மீண்டும் படைக்கின்றாள் என்று ஐயுற்றார் அவர். அவள் அதனை மறுத்தாள். ஒரு நாள் எஞ்சிய உணவின் மீது யாரும் அறியாமற் சிறிது கதிரியக்கப் பொருளை இட்டார். சில நாட் கழித்து மின்காட்டிக் கருவியைக் கையோடு கொண்டு வந்து, பரிமாறிய பண்டத்தின் அருகே வைத்தார்; கருவி அசைந்து உண்மையை உரைத்துவிட்டது. நகைப்புக்குரிய செய்தியே எனினும், கதிரியக்கச் சுவடுகாட்டியைக் கொண்டு முதன்முதல் கண்டறியப்பட்ட குற்றம் இதுவாகலாம். அப்பண்டத்தை உண்டவர் நிலை யாதாயிற்று என்று இக்காலத்தார் வினவுவர்; அந்நாளில் அத்தகைய அச்சம் எவர்க்கும் இருந்திலது.

மற்றொன்று, தேநீரைப் பற்றியது. மோஸ்லி என்னும் இளம் விஞ்ஞானியோடு அமர்ந்து தேநீர் பருகுகையில், இக்கோப்பையிலுள்ள நீரின் துகள்கள் நம் உடம்பினுட் புகுந்து எவ்வழிச் சென்று என்று வெளியேறுகின்றன என்று அறிய இயன்றால் எத்துணை நன்றாயிருக்கும் என்று ஹெவெசியார் கூறினார். நண்பர் அதனைக் கனவு காண்பவரின் பேச்சாகவே கொண்டனர். அக்கனவைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

1913-ஆம் ஆண்டில் அவர் வியன்னா நகரத்து ரேடிய ஆராய்ச்சிக் கழகத்துக்குச் சென்றார். அங்கே பானெத் என்பாரும் ரேடியம்-டியைப் பிரிக்க முயன்று தோல்வியுற்றிருந்தார். தோல்வியால் நண்பராகிய இருவரும் சேர்ந்து சுவடுகாட்டி முறையை முதன்முதல் ஆய்விற் பயன்படுத்தினர். நீரிற் கரையாதவை என்று தள்ளப்பட்ட ஈய உப்புக்களும் மிகச் சிறிதளவு கரைகின்றன என்பதையும், அச்சிறிதளவு எவ்வளவு என்பதையும் கதிரை அளந்தே கூறினர். எத்தராசும் நிறுக்கவொண்ணாத அளவு அது.

அடுத்த ஆண்டு உலகப் பெரும்போர் மூண்டது. ஹெவெசியார் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையிற் பணிபுரிந்தார். மோஸ்லி ஆங்கிலப் படையிற் சேர்ந்து 1915-ஆம் ஆண்டில் கல்லிப்பொலியில் 27 வயதில் மாண்டார். ஒரு மேசையில் தேநீர் பருகிய இருவரும் எதிரெதிர்ப் படைகளில் நின்றனர் என்பதை நினையுங்கால் எம் நெஞ்சு வருந்துகின்றது. போர் முடிந்தபின் ஹங்கேரியில் ஆட்சிக் குழப்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் நிகழ, ஹெவெசியார்க்குத் தாய்நாட்டில் நிலையான இடம் இல்லாதாயிற்று. 1920-ஆம் ஆண்டில் அவர் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனுக்குச் சென்றார். அங்கே அவரை ஏற்றுக்கொண்டவர், மான்செஸ்டரிற் பழகிய நீல்ஸ் போர். தமிழில் எழுதுங்கால் இவர் பெயர் இன்னாததோர் சொல்லாய் அமைந்துவிட்டது. ஆயின் நாடிழந்த அறிஞர் பலர்க்குப் புகலிடமாய் விளங்கியவர் இவர். இருவரும் ஒரே ஆண்டிற் பிறந்தவர்கள்.

கோபன்ஹேகனில் இவர் கோஸ்டர் என்பாருடன் சேர்ந்து, ஜிர்க்கோனியக் கனிப்பொருள்களினுள் ஒளிந்திருந்த 72-ஆம் தனிமத்தைக் கண்டறிந்தார். செய்தி 1922-ஆம் ஆண்டு டிசம்பரில், போர் நோபெல் சொற்பொழிவு நிகழ்த்தவிருந்த தறுவாயில் அவர்க்குத் தொலைபேசி வாயிலாய் எட்டிற்று. கோபன்ஹேகனின் இலத்தீன் பெயரைத் தழுவி அதற்கு ஹாப்னியம் என்று பெயரிட்டனர். ஒரு தனிமத்தைக் கண்டவர் என்ற புகழே ஒருவர்க்குப் போதும். எமக்கோ அடுத்து அவர் அவரைச் செடியை வைத்துச் செய்த ஆய்வே மேலானதாகத் தோன்றுகின்றது.

1923-ஆம் ஆண்டில், கதிர் வீசும் ஈயம் கலந்த நீரில் அவரைச் செடிகளின் வேரை மூழ்கச் செய்து, ஈயம் வேரில் எவ்வளவு, தண்டில் எவ்வளவு, இலையில் எவ்வளவு என்று அளந்தார். பெரும்பகுதி வேரிலேயே தங்கிற்று. இலைக்குச் சென்றது மிகச் சிறிது. உயிருள்ள பொருளொன்றினுள் ஓர் அணுவின் சுவட்டைப் பின்பற்றிச் சென்ற முதல் நிகழ்ச்சி இதுவே. 1924-ஆம் ஆண்டில் மருத்துவர் ஒருவரும் துணைபுரிய, மேகநோய்க்கு அந்நாளில் மருந்தாய் வழங்கிய பிஸ்மத்து விலங்கின் உடம்பில் எங்கெங்குச் சென்று சேர்கின்றது என்பதை ஆராய்ந்தனர். அவ்வாண்டிலேயே பியா ரீஸ் என்னும் டேனிய மாதரை ஹெவெசியார் மணந்தார்.

ஆயினும் வழி அத்துடன் அடைபட்டது. இயற்கையிற் கதிர் வீசும் பொருள்கள் ஈயமும் பிஸ்மத்தும் போன்றவை; அவை உடம்புக்கு நஞ்சு; உடம்பின் கட்டுமானத்தில் அவற்றுக்கு இடமில்லை. நம்மை ஆக்கியுள்ள கரியும் சுண்ணாம்பும் பாஸ்பரஸும் கதிர் வீசுவன அல்ல. மணி கட்டுதற்கு உரிய மாடுகள் வேறு. கையிலிருந்த மணிகள் அவற்றின் கழுத்துக்குப் பொருந்தாதவை. 1926-ஆம் ஆண்டில் பிரைபுர்க் பல்கலைக்கழகத்தின் பேராசிரியப் பதவியை ஏற்றுச் சென்ற ஹெவெசியார், எட்டாண்டுகள் பெரும்பாலும் பிற துறைகளிலேயே உழைத்தார்.

1934-ஆம் ஆண்டு இருவகையில் அவர் வாழ்க்கையைத் திருப்பிற்று. முந்திய ஆண்டில் ஜெர்மனியில் நாஜிகள் ஆட்சியைக் கைப்பற்றி, யூத மரபினரைப் பல்கலைக்கழகங்களினின்றும் விலக்கத் தொடங்கினர். ஞானஸ்நானம் பெற்றவர் என்பதை அவர்கள் பொருட்படுத்திலர். பாட்டனார் யாவர் என்பதையே வினவினர். ஹெவெசியார் பதவியைத் துறந்து கோபன்ஹேகனுக்கே மீண்டார். அவ்வாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் நகரில் ஐரீன் கியூரியும் அவர் கணவர் பிரெடரிக் ஜோலியோவும், கதிர் வீசாத பொருளையும் கதிர் வீசச் செய்யலாம் என்று காட்டியிருந்தனர். அடைபட்ட வழி திறந்தது.

முதலிற் பழைய கனவு நிறைவேறிற்று. அமெரிக்க அறிஞர் யூரே 1931-ஆம் ஆண்டிற் கண்டறிந்த கன ஹைடிரஜன் சேர்ந்த நீர் சிறிது ஹெவெசியார்க்குக் கிட்டிற்று. இது கதிர் வீசுவதன்று. எடை மிகுதியே இதன் அடையாளம். 1934-ஆம் ஆண்டில் ஹோபர் என்பாருடன் சேர்ந்து, அந்நீரைப் பருகிய மனிதரின் சிறுநீரை நாடோறும் ஆராய்ந்து, உடம்பினுட் புகுந்த நீர்த்துகள் சராசரி 13 நாட்கள் அளவு தங்குகின்றது என்று கணக்கிட்டார். தேநீர் மேசையில் எழுந்த வினாவுக்கு விடை 21 ஆண்டுகட்குப் பின் கிட்டிற்று. வினவக் கேட்டவர் அதனை அறிய உயிரோடில்லை.

இனி எலும்பின் வரலாற்றுக்கு வருவோம். ரேடியமும் பெரிலியமும் சேர்ந்த கலவை நியூட்ரான்களை வெளியிடும். கந்தகம் மிக்க கார்பன் டை-ஸல்பைடு நீர்மத்தை அந்நியூட்ரான்கள் தாக்கினால், கந்தக அணுக்களிற் சில பாஸ்பரஸ்-32 என்னும் கதிரியக்கப் பாஸ்பரஸாய் மாறும். அதன் கதிரியக்கம் 14 நாட்களுக்கு ஒருமுறை பாதியாய்க் குறையும். இதற்கு வேண்டிய ரேடியம் விலைமதிப்பற்றது. 1935-ஆம் ஆண்டு அக்டோபரில் நீல்ஸ் போர் 50 வயது நிறைவெய்தியபோது, டென்மார்க்கு மக்கள் பொருள் திரட்டி அவர்க்கு 600 மில்லிகிராம் ரேடியத்தைப் பிறந்தநாட் பரிசாய் அளித்தனர். பட்டாடையும் பொற்பேழையும் அளித்துப் பழகிய நமக்கு இப்பரிசு வியப்பைத் தருகின்றது. அந்த ரேடியம் ஹெவெசியாரின் பாஸ்பரஸ் ஆய்வுகட்கே பெரிதும் உதவிற்று.

அவ்வாண்டில் கீவிட்ஸ் என்னும் மருத்துவருடன் சேர்ந்து, கதிரியக்கப் பாஸ்பரஸ் கலந்த உப்பை எலிகட்கு ஊட்டினார். முதிர்ந்த உடம்பில் எலும்பு கட்டி முடிந்த சுவர் போன்றது, அதனுள் எவ்வித மாற்றமும் இல்லை என்பதே பலர் கொள்கை. எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்ட பள்ளத்தாக்கின் உலர்ந்த எலும்புகளைப் போலவே உயிருள்ளார் எலும்பையும் கருதியிருந்தனர் எனலாம். எலிகளின் எலும்பை எரித்துச் சாம்பலாக்கிக் கதிரை எண்ணியபோது உண்மை வெளிப்பட்டது. வளர்ந்து முடிந்த எலிகளின் எலும்பிலும், ஊட்டிய பாஸ்பரஸ் புகுந்திருந்தது, முன்னிருந்தது வெளியேறியிருந்தது. ஓர் எலியின் உடம்பில் ஒரு பாஸ்பரஸ் அணு தங்குவது சராசரி இரண்டு திங்கள் அளவே என்று கண்டனர். கொத்தர்கள் இரவும் பகலும் ஒரு கல்லைப் பெயர்த்து மற்றொரு கல்லை வைத்துக்கொண்டேயிருக்கும் கோபுரத்தைக் கற்பனை செய்க. தொலைவினின்று நோக்குவார்க்குக் கோபுரம் அசையாது நிற்கின்றது; அருகே சென்று கல்லிற் குறியிட்டு நோக்குவார்க்கே அது ஓயாது மாறுவது தெரியும். எம் அத்தையாரின் எலும்பு மருந்தை ஏற்றுக்கொண்டது ஏன் என்ற வினாவுக்கு விடை இங்கே இருந்தது.

இவ்வாறு ஆய்வு தழைத்திருந்த காலத்தே 1940-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் ஜெர்மானியப் படை டென்மார்க்கிற் புகுந்தது. மாக்ஸ் வான் லாவே, ஜேம்ஸ் பிராங்க் என்னும் ஜெர்மானிய அறிஞர் இருவரின் நோபெல் பொற்பதக்கங்கள் காவலுக்காகப் போரின் கழகத்தில் வைக்கப்பட்டிருந்தன. ஜெர்மனியினின்றும் பொன்னை வெளியே அனுப்புதல் அந்நாளிற் கொடுந்தண்டனைக்குரிய குற்றம். பதக்கங்களிலோ உரியவர் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. புதைத்துவிடலாம் என்றார் ஹெவெசியார். தோண்டியெடுத்தல் கூடும் என்று அஞ்சினார் போர். படை வீதியில் அணிவகுத்துச் செல்லும்போதே ஹெவெசியார் பதக்கங்களை இராச திராவகத்தில் இட்டுக் கரைத்தார். பொன் எளிதிற் கரைவதன்று. பொறுமையோடு கரைத்த அந்நீர்மத்தைப் புட்டியில் அடைத்து மற்றப் புட்டிகளோடு அலமாரியில் வைத்தார். சோதனையிட்டோர் அதனைத் தீண்டிலர். போர் முடிந்தபின் பொன் மீண்டும் பிரித்தெடுக்கப்பட்டு, ஸ்டாக்ஹோம் சென்று, பதக்கங்களாய் வார்க்கப்பட்டு உரியவரை அடைந்தது. ஈயத்தைப் பிரிக்கவியலாது தவித்தவர் பொன்னை மறைத்து வைப்பதில் வென்றார்.

டென்மார்க்கில் யூத மரபினர்க்கு ஆபத்து மிக்க 1943-ஆம் ஆண்டில் அவர் ஸ்வீடனுக்குத் தப்பிச் சென்றார். இரசாயனத்திற்கான 1943-ஆம் ஆண்டின் நோபெல் பரிசு, அடுத்த ஆண்டில் அறிவிக்கப்பெற்று, சுவடுகாட்டி முறைக்காக அவர்க்கே அளிக்கப்பட்டது. ஸ்டாக்ஹோமில் அவர் புற்றுநோயையும் ஆராய்ந்தார். இதற்குச் சிறிது முன்னரே ஆய்லர் என்பாருடன் சேர்ந்து, எலிகளின் புற்றுக்கட்டியில் எக்ஸ்-கதிர் படும்போது, உயிரணுக்களின் உட்கருவிலுள்ள அமிலம் புதிதாய் உண்டாவது குறைகின்றது என்பதைப் பாஸ்பரஸின் சுவட்டால் 1942-ஆம் ஆண்டிற் காட்டியிருந்தார்.

எனினும் ஒரு குறை இருந்தது. பாஸ்பரஸ்-32 வீசும் பீட்டாக் கதிர் சதையிலேயே அடங்கிப் போவது. உடம்பைக் கடந்து வெளியே வாராது. ஆதலின் எலியைக் கொன்று, உறுப்பை எரித்து, சாம்பலை அளக்க வேண்டியிருந்தது. நோயாளியை அவ்வாறு செய்தல் இயலாதன்றோ? உடம்பைக் கடந்து வரும் காமாக் கதிரை வீசும் பொருளும், அக்கதிரைப் படமாக்கும் கருவியும் வேண்டும். இவற்றை அமைத்தவர் பிறர். ஹெவெசியாரை அணு மருத்துவத்தின் தந்தை என்று வழங்குவோர் அவர்களை மறத்தலாகாது. பாஸ்டன் நகரில் புளூம்கார்ட் என்னும் மருத்துவர் 1920-களிலேயே ஒரு கையிற் கதிரியக்கப் பொருளை ஏற்றி, அது மறு கையை அடையும் நேரத்தை அளந்து இரத்த ஓட்டத்தின் விரைவைக் கண்டிருந்தார். 1938-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் லிவின்குட், ஸீபோர்க் என்னும் இருவர் அயோடின்-131 என்பதை ஆக்கினர். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அயோடினை விரும்பி உண்பதாகலின், அச்சுரப்பியின் நோயை அறியவும், பின்னர் அதன் புற்றுநோயைத் தீர்க்கவும் அது பயன்பட்டது. 1951-ஆம் ஆண்டளவில் காஸென் என்பார் சுரப்பியின் மேல் வரிவரியாய் நகர்ந்து புள்ளியிடும் கருவியை அமைத்தார். 1958-ஆம் ஆண்டில் ஆங்கர் என்பார் உறுப்பு முழுவதையும் ஒருங்கே காட்டும் காமாக் காமிராவை வெளியிட்டார்.

மருந்துகளுள் இன்று தலைமை பெற்றது டெக்னீஷியம்-99எம். அதன் கதிரியக்கம் ஆறு மணி நேரத்திற் பாதியாய்க் குறையும். ஆதலின் நோயாளிக்கு நெடுநாள் தீங்கில்லை. ஆறு மணியிற் பாதி கரைவதைத் தொலைவூர்க்கு எவ்வாறு அனுப்புவது? 66 மணியிற் பாதியாகும் மாலிப்டினத்தை அனுப்பிவிடுவர். அதனினின்றும் டெக்னீஷியம் ஊறிக்கொண்டேயிருக்கும். மருத்துவமனையினர் அக்கலத்தைப் பசு என்றே விளையாட்டாய் வழங்குவர். நாடோறும் காலையிற் கறந்து கொள்வர். முன்னர் மணி கட்டிய மாட்டை உவமை கூறிய எமக்கு இவ்வழக்கைக் கேட்டதும் மகிழ்ச்சியாயிற்று.

டெக்னீஷியத்தைப் பாஸ்பேட்டுடன் பிணைத்து எலும்புக்கு அனுப்பும் முறையை 1971-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸிரக்யூஸ் நகரில் வெளியிட்டவர்கள் கோபால் சுப்பிரமணியன், மக்கபி என்னும் இருவர். புற்றுநோய் எலும்பிற் புகுந்தவிடத்து, எலும்பு தன்னைக் காத்துக்கொள்ள விரைந்து புதிது கட்டுகின்றது. கொத்தர் மிக்க இடத்திற் கல்லும் மிகுதியாய்ச் செல்கின்றது. அவ்விடம் படத்திற் கருமையாய்த் தோன்றுகின்றது. எக்ஸ்-கதிர்ப் படத்திற் குறை தெரிய எலும்பின் சுண்ணாம்பு ஏறத்தாழ மூன்றிலொரு பங்கேனும் தேய்ந்திருத்தல் வேண்டும். இப்படமோ தேய்வுக்கு முன்னரே, தொழிலின் மாறுபாட்டைக் கொண்டு அறிவித்துவிடுகின்றது. சில திங்கள் முந்தி அறிதல் சிகிச்சையின் போக்கையே மாற்றவல்லது. இவ்வாறே, புற்று உயிரணுக்கள் சர்க்கரையை மிகுதியாய் உண்ணும் என்று வார்பர்க் என்பார் 1920-களிற் கண்டதைத் துணைக்கொண்டு, சர்க்கரையை ஒத்த ஒரு பொருளில் புளூரின்-18 என்னும் மணியைக் கட்டி, 1976-ஆம் ஆண்டில் பிலடெல்பியாவில் மனிதர்க்கு முதன்முதல் ஏற்றினர். முதலில் மூளையை அறியவும் பின்னர்ப் புற்றுநோயின் பரவலை அறியவும் அது உதவிற்று. இதயத் தசையின் இரத்த ஓட்டத்தையும் சிறுநீரகத்தின் தொழிலையும் காண்பதற்கும் இத்தகைய மருந்துகள் உள.

ஆயின் மணியோசை மாடு நிற்கும் இடத்தை உரைக்குமேயன்றி, அது ஏன் அங்கே நின்றது என்பதை உரைக்காது. எம் அத்தையாரின் படத்தில் இடப்புற விலாவெலும்பொன்றிற் கரும்புள்ளி ஒன்று தோன்றிற்று. அதனைக் கண்ட நாள் முதல் எம் வீட்டில் அடுப்பெரிந்தும் உண்பார் இலர். பத்து நாட் கழித்து வேறு படமும் எடுத்து ஒப்புநோக்கிய மருத்துவர், அது முந்திய ஆண்டு கிணற்றடியில் வழுக்கி விழுந்த போது ஏற்பட்ட முறிவு ஆறும் குறியே என்றனர். முறிந்த எலும்பும் தன்னைக் கட்டிக்கொள்ளத்தான் செய்கின்றது. கொத்தர் வேலை அங்கும் மிகுதியே. அத்தையார் அவ்வீழ்ச்சியை எவர்க்கும் கூறாது மறைத்திருந்தார், எலும்பு மறைக்கவில்லை.

ஹெவெசியார் இறுதிவரை உழைத்தார். 1949-ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் சங்கத்தின் காப்ளிப் பதக்கமும், அணுவை அமைதிக்குப் பயன்படுத்தியதற்கென ஏற்பட்ட பரிசும் அவரை அடைந்தன. பின்னது 1958-ஆம் ஆண்டுக்குரியது. குருதியின் செவ்வணுக்களையும் புற்றுநோயாளரிடம் தோன்றும் சோகையையும் பற்றி எழுபது வயதைக் கடந்தும் எழுதினார். 1966-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 5-ஆம் நாள், தாம் இளமையிற் பட்டம் பெற்றதும் பின்னர்த் துறந்து செல்ல நேர்ந்ததுமாகிய அதே பிரைபுர்க் நகரில் காலமானார். 35 ஆண்டுகள் கழித்து, 2001-ஆம் ஆண்டில், அவர் எலும்புகள் தாய்நாட்டுக்குக் கொண்டுவரப்பெற்றுப் புடாபெஸ்ட் நகரத்துக் கெரெபெஷி இடுகாட்டில் அடக்கஞ் செய்யப்பட்டன.